‘லைஃப்டைம்’ ஆயில்: யாருடைய ஆயுள் அது?

1,20,000 கிலோமீட்டர் ஓடிய ஓர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். மூலைக்கு ஒன்றாகப் பதித்திருக்கும் சிறு காந்தங்கள் கண்ணில் படாது. அவற்றின் மேல் கறுத்த பசை குவிந்து, முள் முள்ளாக எழும்பி நிற்கும். கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் கண்மை போல வழவழவென்று பரவும். மாவாக அரைபட்ட இரும்பும், கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சிலிருந்து உதிர்ந்த தூளும், கெட்டுப்போன ஆயிலும் கலந்த சேறு அது. தட்டில் மிஞ்சிய ஆயில் பழைய செந்நிறத்தை இழந்து, வெளிச்சம் ஊடுருவாத கரும்பழுப்பாகி இருக்கும். அதே காரின் கையேட்டைப் புரட்டினால் கியர்பாக்ஸ் ஆயிலுக்கு எதிரே இருப்பது ஒரே வரி: மாற்றத் தேவையில்லை.

கையேடு பொய் சொல்கிறது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். அது ஒரு கணக்கைச் சொல்கிறது, காந்தத்தின் மேல் இருக்கும் பசை இன்னொரு கணக்கைச் சொல்கிறது. இரண்டும் எங்கே பிரிகின்றன என்று பிடிபட்டால், காரில் எந்தத் திரவத்தை மாற்ற வேண்டும், எதைத் தொடவே வேண்டாம் என்பதும் பிடிபட்டுவிடும்.

முதலில் ‘லைஃப்டைம்’, அதாவது ‘ஆயுள் முழுக்க’, என்ற அந்தச் சொல். ‘லைஃப்டைம்’ என்று எழுதும் கையேடு, எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஆண்டு என்று எண்ணாகச் சொல்வதில்லை. ஆனால் கியர்பாக்ஸை வடிவமைப்பவர்களுக்கு எண் இல்லாமல் வேலை ஓடாது. இத்தனை தூரம், இத்தனை ஆண்டு, இந்த அளவு வெப்பம் என்று வரம்பு வைத்துத்தான் பேரிங்கும் பல்சக்கரமும் கணக்கிடப்படுகின்றன. ‘ஆயுள் முழுக்க’ என்றால் அந்த வரம்பு முடியும்வரை என்று பொருள். கியர்பாக்ஸ் கெட்டுப்போகும் நாள்தான் அதன் ஆயுளின் கடைசி நாள் என்று எடுத்துக்கொண்டால், எந்த ஆயிலுமே ஆயுள்கால ஆயில்தான்.

இதற்குத் தெளிவான சான்று செட்எஃப். 2009 முதல் வரும் அந்த நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டியான 8எச்பி, பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார், லேண்ட் ரோவர் எனப் பல கார்களில் இருக்கிறது. கார் விற்பவர்களில் சிலர் அதன் ஆயிலை மாற்ற வேண்டாம் என்கிறார்கள். பெட்டியைச் செய்த செட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அதிகபட்சம் எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. பெட்டி ஒன்று, உள்ளே இருக்கும் ஆயிலும் ஒன்று, அறிவுரை மட்டும் இரண்டு. மெர்சிடிஸ் 1996-ல் கொண்டுவந்த 722.6 என்ற ஐந்து கியர் பெட்டியும் ‘ஆயுள் முழுக்க நிரப்பியது’ என்றுதான் வந்தது. பின்னாளில் அதே நிறுவனம் 60,000 கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றச் சொன்னது.

கார் விற்பவர் ஏன் அப்படிச் சொல்கிறார்? புதுக் கார் வாங்குபவரும், மொத்தமாகக் குத்தகைக்கு எடுக்கும் நிறுவனமும் முதல் சில ஆண்டுகளின் பராமரிப்புச் செலவைத்தான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வரி குறைந்தால் கார் மலிவாகத் தெரியும். சர்வீஸ் செலவைத் தயாரிப்பாளரே ஏற்றுக்கொள்ளும் இடங்களில் அந்த வரி குறைந்தால் அவருக்கே லாபம். கழிவு ஆயில் குறைவதும் கணக்கில் வரும். இவற்றோடு நியாயமான காரணம் ஒன்றும் உண்டு: தப்பான ஆயிலை ஊற்றியும், அளவு தப்பி ஊற்றியும் பட்டறைகளில் கெட்டுப்போன கியர்பாக்ஸ்கள் ஏராளம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டுப் பெட்டியை மூடியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். அது வீண் பயம் இல்லை.

ஆயில் முன்னைவிட மேம்பட்டிருப்பதும் உண்மை. ஆரம்பகால ஆட்டோமேட்டிக் ஆயில்களில் கிளட்ச் வழுக்காமலும் வெடுக்கென்று பிடிக்காமலும் இருக்கத் திமிங்கில எண்ணெய் சேர்த்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்தபின் வேதிப்பொருள்களால் அந்தக் குணத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸ் 2005-ல் கொண்டுவந்த டெக்ஸ்ரான்-6 அந்த வழியில் நெடுந்தூரம் கடந்துவந்த ஆயில். முந்தைய டெக்ஸ்ரான்-3, 100 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 7.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் பாகுத்தன்மையை அளக்கும் அலகு) தடிமனோடு தொடங்கி, ஓட ஓட வேகமாக நீர்த்துவிடும். டெக்ஸ்ரான்-6 புதிதிலேயே 6.4-ஐத் தாண்டக் கூடாது, ஓடிய பிறகும் 5.5-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. மெலிதாகத் தொடங்கினாலும் தன் நிலையில் நிற்கும். 30 ஆண்டுக்கு முந்தைய ஆயிலுக்கு 40,000 கிலோமீட்டர் கெடு வைத்திருந்தால் இன்றைய ஆயிலுக்கு அதைப்போல இரண்டு மூன்று மடங்கு கொடுப்பதில் தவறில்லை. இரண்டு மூன்று மடங்கு என்பதை முடிவே இல்லை என்று வாசிக்கும்போதுதான் பிழை நுழைகிறது.

உள்ளே ஆயிலுக்கு என்ன நடக்கிறது

எஞ்சின் ஆயிலைப் போலக் கரியும் பெட்ரோலும் கியர்பாக்ஸ் ஆயிலில் கலப்பதில்லை, அதனால் அது கெடாது என்ற வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. எரிபொருளின் அழுக்கு வராது. மற்றதெல்லாம் வரும்.

முதலாவது வெப்பம். ஆயில் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது வேதியியலில் உள்ள பொது விதி. 90 டிகிரியில் ஓட வேண்டிய ஆயில் நெரிசலிலும் மலையேற்றத்திலும் 110 டிகிரியில் ஓடினால் நான்கு மடங்கு வேகத்தில் மூப்படையும். நெடுஞ்சாலையில் 2,00,000 கிலோமீட்டர் தாங்கக்கூடிய ஆயில் இழுவை வண்டியில் 50,000-த்திலேயே தளர்வது இப்படித்தான். கையேட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘கடினமான ஓட்டம்’ என்று ஒரு பட்டியல் இருக்கும்: குறுகிய தூர ஓட்டம், நின்று நின்று நகரும் நெரிசல், கடும் வெயில், புழுதி, மலைப்பாதை, பாரம் இழுத்தல். அதை வாசித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களின் அன்றாட ஓட்டம் அதற்குள்தான் வரும். ‘லைஃப்டைம்’ என்று சொல்லும் கையேடுகளிலேயே சில இந்தப் பட்டியலுக்குக் கீழே ஆயில் மாற்றும் கெடுவைத் தந்திருக்கும்.

இரண்டாவது, கிளட்ச் பிடிப்பைச் சீராக்க ஆயிலில் கலக்கும் உராய்வுத் திருத்திகள் தீர்ந்துபோவது. இதுதான் ஓட்டுபவருக்கு முதலில் தெரியவரும். எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் இன்றைய டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்ச், எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக முழுக்கப் பூட்டாமல் கொஞ்சம் வழுக்கவிட்டே பிடிக்கும். அந்த வழுக்கல் சீராக இருக்க வேண்டுமானால் ஆயிலில் திருத்திகள் இருந்தாக வேண்டும். அவை தீர்ந்ததும் கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாக நடுங்கும். 50 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே போகும்போது, சாலையில் வரிசையாகப் போட்ட சிறு மேடுகள் மேல் ஏறிப் போவது போல இரண்டு மூன்று நொடி கார் அதிரும். மிதியை விட்டதும் நின்றுவிடும். பலரும் இதை டயர் பேலன்ஸ் என்றோ எஞ்சின் மிஸ்ஸிங் என்றோ நினைத்து ஸ்பார்க் பிளக் மாற்றுகிறார்கள். நடுக்கம் தொடங்கிய புதிதில் ஆயிலை மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். நாள் கடத்தினால் கிளட்ச் பூச்சே பளபளத்துப் போகும், அப்புறம் எந்த ஆயிலும் அதைச் சரிசெய்யாது.

மூன்றாவது துகள்கள். ஆயில் அழுத்தத்தைப் பங்கிட்டுக் கியரை மாற்றும் வால்வ் பாடிக்குள் இருக்கும் வால்வுகள் முடியைவிட மெல்லிய இடைவெளியில் ஓடுபவை. ஃபில்டரைத் தாண்டும் நுண்தூள் அலுமினியத் துளைச்சுவரை நாளாக நாளாக அரிக்கும். அழுத்தம் கசியும், கியர் தாமதமாக விழும், கணினி அழுத்தத்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும். இந்த ஈடுகட்டல் எவ்வளவு நாள் நடக்கிறதோ அவ்வளவு நாளும் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது.

‘சீல் செய்த பெட்டி’ என்ற சொல்லும் ஏமாற்றும். எந்தக் கியர்பாக்ஸும் காற்றுப் புகாமல் மூடியதில்லை. சூடானால் உள்ளே காற்று விரிய வேண்டும், குளிர்ந்தால் சுருங்க வேண்டும். அதற்காக மேலே ஒரு மூச்சுத்துளை இருக்கும். ஒவ்வொரு முறை ஆறும்போதும் அது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். தண்ணீர் தேங்கிய சாலையில் சூடான கார் இறங்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீரே ஏறும். மெர்சிடிஸ் 722.6-ல் வேறு ஒரு வழி: ஒயர்கள் உள்ளே நுழையும் 13 முனை பிளக்கின் ரப்பர் வளையம் கடினமானதும், ஆயில் செப்புக் கம்பிகளின் இழைகளுக்கு இடையே தானாக ஏறி, மேலே இருக்கும் கணினிப் பெட்டி வரை போய்ச் சேரும். சிறு பிளக் ஒன்றில் தொடங்கும் ஒழுகல் கடைசியில் கணினியையே கெடுத்துவிடும். வண்டியைத் தூக்கி ஆயில் மாற்றுபவர் கண்ணில் அந்த ஈரம் பட்டுவிடும். எதையும் திறக்கவே வேண்டாம் என்று விட்ட வண்டியில் யார் கண்ணிலும் படாது.

எதை மாற்ற வேண்டும், எதை வேண்டாம்

ஒரு திரவத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்டால் போதும். அதற்குள் ஏதாவது தேய்ந்து உதிர்கிறதா? அது வெளிக்காற்றைத் தொடுகிறதா? அது சூடாகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், கையேடு என்ன சொன்னாலும் அதை மாற்ற வேண்டும். மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் விட்டுவிடலாம்.

விட்டுவிட வேண்டியவையும் இருக்கின்றன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் ஆயிலும் சீல் செய்த வீல் பேரிங்கின் கிரீஸும் அந்தப் பாகத்தோடு பிறந்து அதோடு சாகின்றன. ஏசி வாயு தேய்ந்து தீராது. குறைந்தால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். ஆண்டுதோறும் ‘ஏசி கேஸ் மாற்றுவது’ பராமரிப்பு ஆகாது, கசிவைத் தேடாமல் தள்ளிப்போடுவதுதான் அது.

இரட்டைக் கிளட்ச் பெட்டிகள் இந்த மூன்று கேள்விக்கு நல்ல பாடம். ஃபோக்ஸ்வாகனின் ஆறு கியர் டிகியூ250-ல் கிளட்சுகள் ஆயிலில் மூழ்கியிருக்கும். அதற்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றச் சொல்லி நிறுவனமே விதித்திருக்கிறது. ஏழு கியர் டிகியூ200-ல் கிளட்ச் உலர்ந்தது. ஆயிலில் கிளட்ச் தூள் விழ வழியில்லை என்பதால் ‘லைஃப்டைம்’. தர்க்கம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 2013 நவம்பரில் உலகம் முழுவதும் ஏறத்தாழ 16 லட்சம் கார்களை நிறுவனம் திரும்ப அழைத்தது, அந்த ஆயுள்கால செயற்கை ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவதற்காக. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று ஓடும் கார்களில், அந்த ஆயிலால் மின்சாரக் கோளாறு வந்தது. உராய்வு இல்லை என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை பார்த்து, வெப்பத்தையும் ஈரத்தையும் குறைவாக எடைபோட்டதன் விளைவு.

தனித்தனி கியர் இல்லாமல் வேக விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் சிவிடி பெட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். எஃகுப் பட்டையை இரண்டு கப்பிகள் இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் இயக்கம். பிடிப்பு முழுக்க இடையே நிற்கும் ஆயில் படலத்தின் குணத்தில் இருக்கிறது. பட்டையிலிருந்து உதிரும் எஃகுத் தூள் கப்பியின் முகத்தில் ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறலே அடுத்த தூளை உண்டாக்கும். சிவிடியில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் (ஏடிஎஃப்) ஊற்றவே கூடாது. நிசானின் சில சிவிடி கார்களில் ஆயிலின் மூப்பை, வெப்பத்தையும் நேரத்தையும் வைத்து, கணினியே எண்ணிக்கொண்டு வரும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் அந்த எண்ணைப் பார்க்கலாம். ஆயில் மூப்படையாது என்றால் அப்படி ஒரு கணக்கை யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நெரிசலில் ஓடும் சிவிடிக்கு 50,000 முதல் 60,000 கிலோமீட்டர் என்பது நல்ல கெடு.

வளைவில் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியலின் ஆயில் எல்லோரும் மறந்துபோகும் ஒன்று. ஒரு லிட்டர் சுற்றளவில்தான் இருக்கும், ஃபில்டர் கிடையாது. அதன் பல்சக்கரங்களான கிரவுன் சக்கரமும் பினியனும் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று சறுக்கவும் செய்வதால், புதுக் காரின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் அவை ஒன்றையொன்று செதுக்கிப் பொருந்தும். அந்தச் செதுக்கல் தூள் முழுவதும் அதே ஒரு லிட்டரில் சுற்றிக்கொண்டே இருக்கும். சாதாரண கார்களின் டிஃபரன்ஷியலுக்கு ‘லைஃப்டைம்’ என்று எழுதும் பிஎம்டபிள்யூ, தன் அதிவேக எம் வகைக் கார்களுக்கு முதல் 2,000 கிலோமீட்டரிலேயே டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அறிந்தவர் அறிந்தே செய்யும் இந்த வித்தியாசம் போதும். வேலையும் எளிது: முதலில் மேலே இருக்கும் நிரப்பும் போல்ட்டைத் திறந்து பாருங்கள். அது வராது என்று தெரிவதற்கு முன் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆயிலை வடித்துவிட்டால் கார் அங்கேயே நிற்கும். வடிந்தபின் கீழ் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்து, புது வாஷரோடு மாட்டி, மேல் துளையின் கீழ்விளிம்பு வரை நிரப்ப வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகை என்றால் அதற்குரிய திருத்தி கலந்த ஆயில்தான். மேனுவல் கியர்பாக்ஸிலும் இதே முறைதான், ஒரே எச்சரிக்கை: ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 தர ஆயில் ஊற்றினால், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் கெடும்.

நான்கு சக்கர இயக்கத்துக்கு ஹால்டெக்ஸ் கப்ளிங் (தேவைப்படும்போது மட்டும் மற்ற இரு சக்கரங்களையும் இணைக்கும் கிளட்ச்) உள்ள கார்களில் ஒரு பொறி இருக்கிறது. ஐந்தாம் தலைமுறைக் கப்ளிங்கில் தனி ஃபில்டர் இல்லை, பம்பின் வாயில் ஒரு சல்லடை மட்டுமே. சர்வீஸ் பட்டியலில் ஆயில் மாற்றுவது இருக்கும், சல்லடையைக் கழுவுவது இருக்காது. கிளட்ச் தூள் அதை அடைத்து, பம்ப் மோட்டார் திணறி எரிந்துபோகும். ஆயில் மாற்றும்போது பம்பையும் கழற்றி அந்தச் சல்லடையைக் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டில் ‘லைஃப்டைம்’ என்ற சொல் புழங்கினாலும் எண் சொல்பவர்களும் உண்டு. டொயோட்டாவின் இளஞ்சிவப்பு நீடித்த கூலன்டுக்கு முதல் முறை 1,60,000 கிலோமீட்டர் அல்லது 10 ஆண்டு, அதன்பின் 80,000 அல்லது 5 ஆண்டு. கூலன்டின் மூலப்பொருளான கிளைக்கால் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் அமிலமாகும், அதைத் தடுக்கும் பொருள் தீர்ந்ததும் அலுமினியம் அரிபடும். ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வது உறைநிலையைப் பற்றிய செய்தி மட்டுமே, அரிப்புத் தடுப்பு மிச்சமிருக்கிறதா என்று அது சொல்லாது. சில ஐரோப்பியக் கார்களில் அந்தத் தடுப்பை நிரப்பிக்கொண்டே இருக்க, கூலன்ட் டப்பாவுக்குள் சிலிக்கா மணிகள் கொண்ட ஒரு பையை வைத்திருக்கிறார்கள். பை நைந்து கிழிந்தால் மணிகள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். ஹீட்டரின் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் முதலில் அந்த டப்பாவைத்தான் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயிலை யாரும் ‘லைஃப்டைம்’ என்று எழுதுவதில்லை, பலர் அப்படி நடத்துகிறார்கள். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் இழுத்தபின் 155 வரை இறங்கலாம். நீண்ட மலை இறக்கத்தில் அந்த வித்தியாசம்தான் பெடல் நிற்கிறதா அமுங்கிப் போகிறதா என்று தீர்மானிக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பேச்சே இல்லை. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் ஆயிலும் தேயும் பம்போடு சுற்றுவதுதான். டப்பாவின் அடியில் உள்ள சல்லடை அடைபட்டால் பம்ப் முனகும்.

கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றும் முறை

ஆட்டோமேட்டிக் ஆயில் மாற்றுவதில் கெடுவது பெரும்பாலும் அளவில்தான். டிப்ஸ்டிக் இல்லாத பெட்டியில் அளவு பார்ப்பது வெப்பநிலையைப் பார்ப்பதற்குச் சமம். 9 லிட்டர் ஆயில் 40 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ கால் லிட்டருக்கும் மேல் விரியும். 90 டிகிரியில் அளவுத் துளையைத் திறந்தால் விரிந்த ஆயில் வெளியே ஓடிவிடும், ஆறியபின் பெட்டி குறையாக நிற்கும். மிகக் குளிர்ந்த நிலையில் நிரப்பினால் சூடானபின் மிகையாகி, சுழலும் பாகங்கள் அடித்து நுரைக்கும். நுரைத்த ஆயிலில் அழுத்தம் நிற்காது. அளவு பார்க்க வேண்டிய வெப்பநிலை 8எச்பிக்கு 30 முதல் 50 டிகிரி, டிகியூ250-க்கும் டொயோட்டாவின் பல பெட்டிகளுக்கும் 35 முதல் 45. கையால் தொட்டு ஊகிக்கக் கூடாது, ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டும்.

கார் நான்கு முனையிலும் சமமாக நிற்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்த்த அளவு அளவே இல்லை. நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்தி, பிறகு வடித்து, வடிந்ததை அளவுக் குடுவையில் ஊற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது குழம்பினால் அந்த எண்தான் கைகொடுக்கும். அடித்தட்டை (பான்) கழற்றி காந்தங்களைத் துடையுங்கள். 8எச்பி போன்றவற்றில் பான் பிளாஸ்டிக்கால் ஆனது, ஃபில்டர் அதனுள்ளேயே இருக்கிறது. முழுவதையும் புதிதாகத்தான் போட வேண்டும், பழைய பான் வெப்பத்தில் லேசாக வளைந்திருக்கும். போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில், 10 நியூட்டன் மீட்டர் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். ஒழுகுமோ என்ற பயத்தில் கூடுதலாக இறுக்குவதே ஒழுகலுக்கு வழி.

துளை வழியாக வழியும்வரை நிரப்பி, போல்ட்டை மாட்டி, எஞ்சினை ஓட்டுங்கள். பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிறுத்தி ஒரு சுற்று வந்தால் உள் வழிகள் நிரம்பும், மட்டம் இறங்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க, வெப்பநிலை வரம்புக்குள் வந்ததும் அளவுத் துளையைத் திறங்கள். ஒன்றும் வராவிட்டால் ஊற்ற வேண்டும். தடித்த ஒழுக்காக வந்தால் அது மெலிந்து சொட்டுச் சொட்டாக மாறும்வரை காத்திருந்து மூட வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுத் திறந்தால் பம்ப் தூக்கி வைத்திருந்த ஆயிலும் அடித்தட்டுக்கு இறங்கி வெளியே கொட்டிவிடும்.

ஒரு முறை வடித்தால் முழு ஆயிலும் வராது. பாதிக்கும் மேல் டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் தங்கிவிடும். 9 லிட்டர் பெட்டியில் 4 லிட்டர் வடிகிறது என்றால் முதல் மாற்றத்தில் 44 சதவீதம்தான் புதிது. சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மீண்டும் செய்தால் 69, மூன்றாம் முறை 83. நெடுநாள் தொடாத பெட்டிக்கு இந்த மெதுவான வழிதான் நல்லது.

‘மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்’

இந்தப் பயத்துக்கு அடிப்படை இருக்கிறது, ஆனால் காரணத்தை மக்கள் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். கியர் வழுக்கத் தொடங்கிய பிறகுதான் பலர் முதல்முறையாக ஆயிலை நினைக்கிறார்கள். பூச்சு தேய்ந்த கிளட்ச், ஆயிலில் மிதக்கும் தூளின் பிடிப்பில் கொஞ்ச நாள் ஓடிக்கொண்டிருக்கும். சுத்தமான ஆயில் வந்ததும் அந்தப் பிடிப்பும் போய்விடும். அந்தக் கிளட்சின் கதை ஆயில் மாற்றுவதற்கு முன்பே முடிந்துவிட்டது. வெளி இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவும் முறை, மூலையில் அடங்கிக் கிடந்த சேற்றைக் கிளப்பி வால்வுகளுக்குள் தள்ளுவதும் உண்டு. 1,50,000 கிலோமீட்டர் தொடாத பெட்டியில் அதைச் செய்யவே கூடாது.

ஆகவே முடிவெடுக்கும் முன் ஆயிலைப் படியுங்கள். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் பொறுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சில ஆயில்கள் சீக்கிரமே கறுக்கும், 8எச்பியின் ஆயில் புதிதிலேயே பச்சை. சொட்டு சீராகப் பரவி ஓரம் தெளிந்தால் நல்லது. நடுவில் கறுப்புத் திட்டு நகராமல் நின்றால் தூள் மிகுதி. கருகிய வாசனை இருந்தால் கிளட்ச் வெந்திருக்கிறது. பால் கலந்த இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துவிட்டது. அப்போது காரை ஓட்டவே கூடாது, கிளைக்கால் கிளட்ச் பூச்சின் பசையைக் கரைத்துவிடும். காந்தத்தில் மென்பசை இயல்பு. ஊசி போலவோ செதில் போலவோ எஃகுத் துண்டு இருந்தால், அல்லது காந்தத்தில் ஒட்டாத பித்தளை மினுமினுப்பு தட்டில் தெரிந்தால், ஆயில் மாற்றம் விடை ஆகாது. கியர் ஒழுங்காக விழுகிறது, வழுக்கல் இல்லை, பசை மட்டுமே இருக்கிறது என்றால், எத்தனை கிலோமீட்டர் ஆகியிருந்தாலும் தயங்காமல் மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் வடித்த ஆயிலில் 100 மில்லி எடுத்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வடிப்பதை அதன் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், உங்கள் ஓட்டத்துக்கு 60,000 கிலோமீட்டர் சரியா, 90,000 வரை போகலாமா என்று அந்தப் பெட்டியே உங்களுக்குச் சொல்லிவிடும்.